போன வேலை திரும்பும்

பாப்பா,

நீ போனில் கேட்டதற்கு நான் "பார்க்கலாம்" என்றேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது என் பக்கத்து நியாயம் எனக்கு ஞாபகத்துக்கு வராது. அவர் போன பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். அதனால் எழுதுகிறேன். கோடவுன்காரர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார். ஷெட்டை அவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நானும் அம்மாவும் புனேவில் உன்னோடு வந்து இருப்பதா, இல்லை, இன்னும் ஒரு வருடம் தகடு அடிக்கும் பிரஸ்ஸை ஓட்டிப் பார்ப்பதா என்பதுதான் நம் முன்னால் இருக்கும் கேள்வி. ஒரு வருடம் பொறுக்கலாம் என்பது என் பதில். அதற்கான காரணங்களைப் பழைய வழக்கப்படி முதலில் வரிசையாகப் போட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்கேயாவது நின்றுவிடுவேன்.

1. வேலை எதனால் வெளியே வருகிறது.
2. நான் எதனால் வெளியே வந்தேன்.
3. ஷெட்டில் நம்முடையது என்று என்ன இருக்கிறது.
4. போன வேலை திரும்பும், ஆகவே பொறுக்கலாம்.
5. நான் புனேவுக்கு வரத் தயங்கும் காரணம்.

நீ புனேவில் பர்சேஸ் பிரிவில் இருப்பவள். வேலையை வெளியே கொடுப்பதைப் பற்றி உனக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல. ஆனாலும் நீ அதை மேலே இருந்து பார்க்கிறாய். நான் முதலில் மேலே இருந்தும் பிறகு கீழே இருந்தும் பார்த்தவன். நீ பிறப்பதற்கு முன் நான் பெரிய கம்பெனியில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தேன். (இதிலும் பெரிய கம்பெனி என்றே எழுதுகிறேன். நம் வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது.) எந்த வேலையை உள்ளே வைத்துக்கொள்வது, எதை வெளியே கொடுப்பது என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. வெளியே இருப்பவன் மலிவாகச் செய்வான் என்பது பாதிக் காரணம்தான். அடுத்த வருடம் எத்தனை கார் விற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது என்பது மீதிப் பாதி. மழை வருமா வராதா என்று தெரியாதவன் குடை வாங்க மாட்டான், குடை வைத்திருப்பவன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடப்பான். பிரஸ்ஸை விலைக்கு வாங்கினால் வேலை இல்லாத மாதத்திலும் அது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், ஓட்டுகிறவருக்குச் சம்பளமும் கொடுத்தாக வேண்டும். வெளியே கொடுத்துவிட்டால் அந்த வேலை இல்லாத மாதம் வெளியே இருப்பவனுக்குச் சொந்தம். இதை நான் நல்ல ஆங்கிலத்தில் குறிப்பாக எழுதிக் கொடுத்துப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். வேலை இல்லாத மாதம் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவதற்கு வருகிறேன். உன் மாமா கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "தைரியமா வேலைய உட்டுட்டு சொந்தமா தொழில் போட்டவரு" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். நடந்தது வேறு. ஒருநாள் எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஷெட் போட்டு இரண்டு பிரஸ் வைத்துக்கொள், தகடு அடிக்கிற வேலையை உனக்கே தருகிறேன் என்றார். யோசிக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் தோளில் கையைப் போட்டு, "நீ நம்ம ஆளுய்யா" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேனேஜரிடம் மறுப்புச் சொல்லப் பயந்து முதலாளி ஆனவன் நான். எங்கள் பிரிவில் ஆளைக் குறைக்க வேண்டியிருந்தது என்பதும், வேலையை வெளியே கொடுத்தபோது என்னையும் அதோடு சேர்த்து வெளியே கொடுத்தார்கள் என்பதும் புதுவாயலுக்குப் பக்கத்தில் கூரை போட்டு முடித்த பிறகுதான் விளங்கியது. அந்தச் சொல்லை மட்டும் நான் இத்தனை காலம் விடவில்லை. மேனேஜர்கள் மாறினார்கள், மாறிய ஒவ்வொருவரும் எப்படியோ அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்கள். விலையைக் குறைக்கச் சொல்லும்போதும் "நம்ம ஆளு", ஞாயிற்றுக்கிழமை ஓட்டச் சொல்லும்போதும் "நம்ம ஆளு". இப்போது வடக்கே எங்கேயோ உட்கார்ந்து மெயில் போடும் பையனுக்கு மட்டும் அது தெரியாது. அவன் என்னை ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருவிதத்தில் அவன்தான் உண்மையைப் பேசுகிறான்.

மூன்றாவதைச் சிறு வயதிலேயே நீ கேட்டிருக்கிறாய். பள்ளி விடுமுறையில் ஷெட்டுக்கு வந்தபோது ஒவ்வொன்றாகத் தொட்டு, இது யாருது, இது யாருது என்று கேட்டாய். நான் எல்லாம் நம்முடையதுதான் என்றேன். உண்மையில் தகடு பெரிய கம்பெனியுடையது. அவர்கள் அனுப்புகிறார்கள், நாம் அடித்து வடிவம் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறோம். அந்த வடிவத்தைக் கொடுக்கும் டையும், அதாவது மேலும் கீழுமாக இருந்து தகட்டை நடுவில் வைத்து அழுத்தும் அந்த இரண்டு இரும்புப் பாளங்களும், அவர்களுடையதுதான். வெட்டி விழும் ஓரத்துண்டைக்கூட எடை போட்டு அவர்கள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். சத்தம் மட்டும் நம்முடையது. அது என் இடது காதில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

இதை நான் மறந்துபோய் நடந்துகொண்டதும் உண்டு. ஆயுத பூஜைக்கு நம் ஷெட்டில் டைகளுக்குத்தான் முதல் பொட்டு. தேசம்மா தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். உனக்கு அவளைத் தெரியும், பிசிறு தேய்த்துப் பார்த்து அனுப்பும் பிரிவில் இருப்பவள், பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து பொன்னேரி வந்து பஸ் மாறி வருகிறவள். ஒருமுறை சோதனைக்கு வந்த கம்பெனிப் பையன் அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டு, எங்கள் பொருள்மேல் எதையும் பூசக் கூடாது என்று குறையாக எழுதிவிட்டுப் போனான். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தேசம்மா சொன்னாள்: "இன்னா சார் இதுக்குப் போயி பேஜாராவறீங்க? அடுத்த தபா வந்தா அந்தப் புள்ளைக்கே ஒரு பொட்டு வச்சி உட்டுர்லாம்." அதற்குப் பிறகு டையின் அடிப்பக்கம், குனிந்து பார்த்தாலும் தெரியாத மூலையில் பொட்டு வைக்கிறோம். அடுத்தவர் பொருளுக்கு ஒளித்து வைத்துப் பூஜை செய்கிற ஷெட் நம்முடையது.

வேறு வேலை பிடித்திருக்கலாமே என்று நீ பலமுறை சொல்லியிருக்கிறாய். பொன்னேரியிலிருந்து ஒருவர், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்பு செய்கிறவர், நேரில் வந்து கேட்டது உனக்கு நினைவிருக்கும். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பிரஸ் சும்மா நின்றால் பெரிய கம்பெனிக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர்கள் அவசரமாகக் கேட்கும் நாளில் அதில் இன்னொருவர் வேலை ஓடிக்கொண்டிருந்தால் அதை மன்னிக்க மாட்டார்கள். ஆகவே சும்மா நிற்பதையும் ஒரு வேலையாகவே செய்து பழகிவிட்டேன். நான் செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை. அந்தப் பம்ப்புக்காரர் மூன்று மாதத்தில் கடையை மூடியிருக்கவும் கூடும். மூடவில்லை என்பது வேறு விஷயம்.

இனி நான்காவது. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கார் விற்பனை படுத்துவிட்ட அந்த வருடம், நீ கல்லூரியில் சேர்ந்த சமயம், பெரிய கம்பெனி டைகளைத் திருப்பிக் கேட்டது. அவர்களுடைய சொந்தப் பிரஸ்களே காலியாக நின்றன. உள்ளே இருக்கும் ஆட்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று வெளியே கொடுத்ததை எல்லாம் உள்ளே இழுத்தார்கள். டைகள் லாரியில் ஏறிப் போயின. நம் ஷெட்டில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. அதுவரை அது சத்தம் போடும் என்றே எனக்குத் தெரியாது. பிறகு என்ன ஆயிற்று? விற்பனை ஏறியது, உள்ளே இடம் போதவில்லை, டைகள் திரும்பி வந்தன. இறக்கிப் புரட்டிப் பார்த்தால் ஓரமெல்லாம் துரு. ஆனால் அடிப்பக்க மூலையில் தேசம்மா வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டதை இங்கே எழுதத் தெரியவில்லை.

அடுத்தது, கப்பல்கள் நின்றுபோன காலம். நோய் வந்து உலகமே முடங்கிக் கிடந்ததே, அப்போது வெளிநாட்டிலிருந்து அவர்கள் வரவழைத்துக்கொண்டிருந்த ஒரு தகடு துறைமுகங்களில் மாட்டிக்கொண்டது. அதன் டையைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் ஓடி வந்தார்கள். மேனேஜர் வீட்டுக்கே வந்தார். அம்மா நாஷ்டா போட்டாள், அவர் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு, இனிமேல் எல்லாம் உள்ளூரில்தான் என்றார். கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் பாதி அங்கே, பாதி இங்கே என்றார்கள். பிறகு கால்வாசி. முழுசாக எடுத்துக்கொண்டு போய்விடவில்லை என்பதைக் கவனி. நான் சொல்ல வருவது இதுதான். காலம் மாறினால் வேலை போகும், மறுபடி காலம் மாறினால் வரும். தேசம்மா அவர்கள் ஏரியைப் பற்றி ஒருநாள் சொன்னாள். கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டால் மீன் உள்ளே வராதாம், உடைத்துக்கொண்டால் வருமாம். "அது பாட்டுக்கு மூடும் சார், அது பாட்டுக்குத் தொறக்கும்" என்றாள். படித்த படிப்பில் எனக்குக் கிடைக்காத விளக்கம் இதில் கிடைத்ததாக நினைத்தேன்.

போன வாரம் மெயில் வந்தது. காரின் அடியில், சைலன்சர் குழாயின் சூடு மேலே ஏறாமல் தடுக்கும் தகட்டுக்கான டைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும், வியாழக்கிழமை லாரி வரும் என்று. நம் வேலையில் முக்கால் பங்கு அதுதான். நான் உனக்குப் போன் செய்தபோது நீ, "நைனா, எங்க ஆபீஸ்ல இதுக்கு ஃபேஸ் அவுட்னு பேரு. படிப்படியா நிறுத்திடறது" என்றாய். புனேவுக்குப் போனதிலிருந்து அப்பா என்று கூப்பிடுகிறவள், நைனா என்று கூப்பிட்டபோதே நான் ஜாக்கிரதையாகியிருக்க வேண்டும். "ஃபேஸ்னா நிலாவோட பிறைதானே. தேஞ்சா வளரும்" என்றேன். நீ சிரிக்கவில்லை. மின்சாரக் காரைப் பற்றிச் சொன்னாய். அதில் சைலன்சரே கிடையாது, சூடு தடுக்கத் தகடு எதற்கு என்றாய். எனக்கும் அது தெரியும். ஆனால் ரோட்டில் ஓடும் பழைய கார்களெல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுமா? அவற்றுக்குத் தகடு துருப்பிடித்தால் புதிது வேண்டாமா? அதோடு உன்னிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. கடந்த மூன்று மாதமாக அந்தத் தகட்டுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆர்டர் வந்தது. ஞாயிறும் ஓட்டினோம். தேவை இல்லாத பொருளை யாராவது இப்படி அள்ளி அள்ளிக் கேட்பார்களா? டைகள் போவது முன்போல உள்ளே இழுப்பதுதான். மீதி இருக்கும் இரண்டு சின்ன டைகளை வைத்து ஷெட்டை ஒரு வருடம் திறந்து வைத்திருந்தால் போதும், அவை திரும்பி வந்து பார்க்கும்போது நாம் இங்கே இருப்போம். நாம் மூடிவிட்டிருந்தால் வேறு ஒருவர் வாசலில் போய் இறங்கிவிடும். ஷெட்டில் மிச்சம் இருக்கும் எட்டுப் பேரையும் அதற்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

அம்மாவின் கட்சி உனக்குத் தெரியும். பெட்டியில் பாதித் துணிகளை ஏற்கெனவே அடுக்கிவிட்டாள். "உங்க நைனா அந்தப் பிரஸ்ஸுக்குத் தாலி கட்டிக்கினு வந்தவரு, அத உட்டுட்டு எங்கூட எங்க வருவாரு" என்று காய் விற்க வருபவளிடம்கூடச் சொல்கிறாள். ஐந்தாவதில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

மேலே உள்ளது செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்று வியாழன், மாலை. இடையில் நடந்ததை எழுதிவிட்டுத்தான் ஐந்தாவதற்குப் போக முடியும்.

டைகள் போன தடவை துருவோடு திரும்பின அல்லவா, அந்த அனுபவத்தில் இந்த முறை முன்னேற்பாடாக இருந்தேன். நேற்று ஆட்களை வைத்து டைகளைச் சுத்தம் செய்து, வேலை செய்யும் முகம் முழுக்கக் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கயிறு கட்டினோம். கடைசி டைக்கு நானே தடவினேன். தேசம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "பொண்ண புகுந்த ஊட்டுக்கு அனுப்புற மாரி பண்றீங்களே சார், பூவும் வச்சி உட்டுறட்டுமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்று காலை லாரி வந்தது. ஓட்டுநர் ஏழுமலை, ஆரம்பாக்கத்துக்காரர், பல வருடமாகக் கம்பெனிக்கு ஓட்டுகிறவர். செயின் பிளாக்கில் மாட்டித் தூக்கி ஏற்றினார்கள். மேகமூட்டமாக இருந்ததால் மேலே தார்ப்பாய் போட முடியுமா என்று அவரிடம் கேட்டேன். கம்பெனியில் இறக்கும்போது நனையாத இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் பிளாஸ்டிக் தாளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு நைனா இம்மாங் கிரீஸு? இது கம்பெனிக்குப் போவல. நேரா காயலாங்கடைக்கு."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று வலது காதைத் திருப்பினேன். அவர் குரலை உயர்த்தி விவரமாகவே சொன்னார். மாதவரம் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துவிட்டாராம். நம்முடையது மட்டும் இல்லை, இன்னும் நாலைந்து ஷெட்டுகளில் ஏற்ற வேண்டுமாம். கடையில் இறக்கியதும் கேஸ் வைத்து ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்து, அறுத்ததைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம், அப்போதுதான் தனக்கு லாரி வாடகை கிடைக்குமாம். "யாரும் மறுபடி அத வச்சி அடிச்சிரக் கூடாது பாருங்க" என்றார். எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். தார்ப்பாயையும் போட்டுக் கட்டிக்கொண்டுதான் போனார்.

மூன்று மாதம் அள்ளி அள்ளிக் கேட்டார்களே, அதன் அர்த்தம் கேட்டைச் சாத்தும்போது எனக்கு விளங்கியது. பழைய கார்களுக்கு இனி வரும் வருடங்களுக்கெல்லாம் வேண்டிய தகட்டை ஒரே மூச்சில் அடித்து வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரட்டைச் சம்பளம் கொடுத்து நம் வேலையை நாமே அடித்துத் தீர்த்திருக்கிறோம். உனக்கு அப்போதே சொல்லியிருந்தால் நீ ஒரு நொடியில் சொல்லியிருப்பாய். நீ சொல்லிவிடுவாய் என்றுதான் நான் சொல்லாமல் இருந்தேன் போலிருக்கிறது.

மதியம் யாருக்கும் வேலை இல்லை. வீட்டுக்குப் போங்கள் என்றால் போகவும் இல்லை. நான் தேசம்மாவிடம், உங்கள் ஏரி முகத்துவாரம் இப்போது திறந்திருக்கிறதா என்று கேட்டேன். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டதுதான்.

"தொறந்துதான் கீது. எங்க ஊட்டுக்காரரு ரெண்டு வருசமா மீஞ்சூர்ல கட்டட வேலைக்குப் போய்க்கினு கீறாரு சார். அது தொறக்கும்னு குந்திக்கினு இருந்தா சோத்துக்கு இன்னா பண்றது?"

இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்றேன். "நீங்க ஆசையா கேட்டுக்கினு இருந்தீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "கோடவுன்ல பொம்பளைங்களுக்கு வேல உண்டா சார்?" என்று கேட்டாள். அவளுக்குக் கோடவுன் விஷயம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்களை நான் பிடித்து வைத்திருப்பதாக எழுதினேன். அவர்கள்தான் எனக்காக இருந்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து இன்றிரவே உனக்கு அனுப்புகிறேன். நாளைக்கு எனக்குப் பதிலாக நீ கோடவுன்காரரிடம் பேசும்போது வாடகையைப் பேசுவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேள். பெண்களுக்கு வேலை உண்டா, வயதானவர்களை வைத்துக்கொள்வார்களா என்று. நான் கேட்டால் "பார்க்கலாம்" என்பார், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். நீ கேட்டால் பதில் வாங்குவாய். பம்ப்புக்காரரின் நம்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இனி ஏதாவது செய்ய முடியுமா என்றும் நீயே யோசி. இரண்டு பிரஸ்ஸும் நம் சொந்தம் என்பதை மூன்றாவதில் எழுத மறந்துவிட்டேன்.

ஐந்தாவதை எழுதவில்லை. அது நான்காவதை நம்பி நின்றது. அம்மாவிடம் மீதித் துணியையும் எடுத்து வைக்கச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்லவில்லை. நான்காவது வரியை அடித்துவிடலாம் என்று முதல் பக்கத்தைத் திருப்பினேன். விரல் இடுக்கில் இருந்த கிரீஸ் அந்த வரியில் பட்டு ஒரு கறையாகிவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது. அதனால் தனியாகவும் எழுதிவிடுகிறேன். நான்காவதாக நான் சொன்னது தவறு, பாப்பா.